பிறந்த வீட்டுக் கோடி

"மாமா டீக்கடையாண்ட நின்னுக்கினு இருக்காரு. நீ அத்த எடுத்தாத்தான் உள்ள வருவாராம்" என்றான் சிவராஜ், அம்மாவின் தலைமாட்டில் ஊதுபத்தியைக் குத்தியபடி.

எதை என்று தங்கை இளவரசி கேட்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன் ஃபேஸ்புக்கில் அவள் எழுதியதைத்தான். ஆண்டுதோறும் முழுப்பரீட்சை லீவுக்கு அம்மா அவளைத் தன் பிறந்த ஊரான மாகறலுக்கு பஸ் ஏற்றி அனுப்புவாள். அங்கே பதினோரு வயதில் தாய்மாமன் வீராசாமி தன்னிடம் நடந்துகொண்டதைப் பெயர் போட்டே எழுதியிருந்தாள். சென்னையில் ஒரு பெண்கள் அமைப்பு அதைப் பகிர்ந்தது. முன்பின் தெரியாத பெண்கள் ஆயிரக்கணக்கில் 'உங்களோடு இருக்கிறோம்' என்றார்கள். பலர் தங்கள் கதையையும் எழுதினார்கள். இந்தத் தெருவில்தான் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அம்மா தில்லையம்மாள் அன்றிலிருந்து மகளின் போனை எடுக்கவே இல்லை. நேற்று மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஏன் எடுக்கவில்லை என்று இனி யாரைக் கேட்பது?

பிறந்த வீட்டிலிருந்து கூடப்பிறந்தவன் கொண்டுவரும் புதுப்புடவைதான் கோடி. அது விழாமல் பெண்ணின் பிணத்தை எடுக்க மாட்டார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த மனுஷன் தெருமுனையில் பேரம் பேசுகிறான். மணி இரண்டாகிவிட்டது. மேளக்காரர்கள் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ரெண்டு நிமிஷ வேலைமா. நாளைக்கு வேணா திரும்பப் போட்டுக்கோ" என்றான் சிவராஜ். "அம்மா எம்மா நேரம்தான் இப்பிடியே கெடக்கும்?"

அவன் கெட்டவன் இல்லை. அதனாலேயே அவளுக்கு அழுகை வந்தது. போனைத் திறந்தாள். அழித்துவிடவா என்று அது கேட்டது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். இத்தனை ஆயிரம் பேர் கூட நிற்பதாகச் சொன்ன போன் கையில் இருக்க, இவ்வளவு தனியாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

போனை அணைத்தாள். "முடியாதுண்ணா."

சிவராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அம்மாவின் தங்கை காவேரி மட்டும் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனாள். அரைமணி கழித்துத் துணிக்கடைப் பையோடு வந்தாள்.

"நானும் அந்த வூட்டுல பொறந்தவதான். கோடி நான் போடறேன்."

"ஆம்பள இருக்கறப்ப பொம்பள போடற வழக்கம் எங்கம்மா இருக்குது?" என்றார் ஒரு பெரியவர்.

காவேரி புடவையைப் பிரித்து அக்காமேல் போர்த்தி, கால் பக்கம் சுருக்கத்தை நீவிவிட்டாள். யாரும் எழுந்து தடுக்கவில்லை. நேரமாகிக்கொண்டிருந்தது.

வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். காவேரிக்குப் பின்னால் இளவரசி. நன்றி சொல்லலாம் என்று வாயெடுத்தவள், வேறொன்றைக் கேட்டாள்.

"நான் எழுதனத நம்புனியா சித்தி?"

காவேரி திரும்பவில்லை. "எனக்கு நடந்தப்ப ஒம்போது வயசுமா" என்றாள் மெதுவாக.

இளவரசி அவள் தோளருகே குனிந்தாள். "யார்கிட்டயும் சொல்லலியா?"

"அக்காகிட்ட சொன்னேன். அன்னிக்கே."

காவேரி அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்தாள். அடுத்தது இளவரசி. அம்மாவின் உதட்டோரம் முன்னவர்கள் போட்ட அரிசி சிதறிக் கிடந்தது.

"சீக்கிரம் போடும்மா" என்றார்கள் பின்னாலிருந்து.

மூடிய கையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.