பிரசாதம் சாப்பாட்டில் சேராது

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னது சுந்தரவல்லியா, அவள் கணவர் வீரராகவனா என்பது இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸில் அவர்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு மழை மதியம், இருவரும்தான் இருந்தார்கள். அவள் பேசினாள். அவர் நடுநடுவே, "அப்படி இல்லை" என்றார். ஆகவே கதையில் பாதி அவள் சொன்னது, மீதி அவர் மறுத்தது. எழுத உட்கார்ந்தபோது இரண்டையும் பிரிக்க முடியவில்லை. மழை பெய்ததா என்பதுகூடச் சந்தேகம்தான்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ராட்சத வெள்ளை மெஷினின் கீழே, தன்னந்தனியாக அவர்—

அடித்துவிட்டேன். அந்த மெஷினைப் பற்றி வீரராகவன் மரியாதையாகத்தான் பேசினார்.

இரண்டாவது: மரணத்தின் வாசலில் மனிதன்—

இதையும். இந்தக் கதையில் யாரும் சாகப்போவதில்லை. படிக்கிறவர் நிம்மதியாக உட்காரலாம்.

மூன்றாவது: வீரராகவனின் வயிற்றில் வாயு இருந்தது.

இது உண்மை. இங்கிருந்தே தொடங்குகிறேன்.

2

வீரராகவன் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். படிப்பார், யோசிப்பார், பேசமாட்டார். அவர் எதிரே சற்று நேரம் உட்கார்ந்து எழுந்தவர்கள், ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போவார்கள்.

ஆனால் நவராத்திரியில் மட்டும் அவர் வாயிலிருந்து எல்லோரும் ஒரு வாக்கியம் எதிர்பார்ப்பார்கள். மனைவியோடு கொலு பார்க்கப் போகும் வீடுகளில் சுண்டலைத் தின்றுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். "இன்னும் ஒரு விசில் விட்டிருக்கலாம்." "தேங்காய் நேத்து துருவினது." தென்கொல்கத்தாவின் தமிழ் வீடுகளில் இந்த ஒரு வரிக்காகப் பெண்கள் சமையலறை வாசலில் காத்து நிற்பார்கள்.*

(* கொஞ்சம் மிகை. நிற்பவர்கள் இரண்டு பேர்.)

அந்த வருஷம் அவருக்கு ப்ராஸ்டேட்டில் புற்று. சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். வெளியில் யாருக்கும் தெரியக்கூடாது என்று சுந்தரவல்லி அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன்.

"கொலுவுக்குப் போனா குங்குமம் குடுப்பா இல்லையா? விஷயம் தெரிஞ்சா குடுக்கற கை ஒரு க்ஷணம் நிக்கும். அந்த க்ஷணம் எனக்கு வேண்டாம்."

இதற்கு மட்டும் வீரராகவன், "அப்படி இல்லை" என்று சொல்லவில்லை.

3

இங்கே மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கட்டுரைபோல ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் இந்த நோய்க்கு வாரக்கணக்கில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதிர் கொடுப்பார்கள். இவருக்கு ஐந்தே தடவை. ஒவ்வொரு தடவையும் பலமான அளவு. அவ்வளவு பலமான கதிர் சுரப்பியை விட்டு வேறெங்கும் விழக்கூடாது. அதனால் மெஷின் ஆளைச் சுற்றிவந்து முதலில் படம் எடுக்கும். திட்டம் போட்ட அன்றைய படத்தோடு அது பொருந்தினால்தான் கதிர் வரும். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். குடல் காலியாக இருக்க வேண்டும். குடலில் வாயு புகுந்துகொண்டால் சுரப்பி சில மில்லிமீட்டர் தள்ளிப்போய்விடும். அந்த மில்லிமீட்டரை மெஷின் மன்னிக்காது.

நவராத்திரி வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகுதான் கோளாறு. நான்காவது தடவை, எழுந்து போய் நடந்துவிட்டு வரச் சொல்லி ஒருவழியாக முடித்தார்கள். ஐந்தாவது, கடைசி. பஞ்சமியன்று காலை. படம் எடுத்தார்கள், இறக்கிவிட்டார்கள். மறுபடி எடுத்தார்கள், மறுபடி இறக்கிவிட்டார்கள்.

"மேஷோமொஷாய், திரும்பவும் கேஸ்!" என்றாள் மௌமிதா. மெஷினை இயக்கும் பெண். இந்த ஊரில் பெரியவர்களை அழைக்கும் உறவுமுறையில்தான் அவரை அழைப்பாள். "போய் நடங்க. கூச்சப்படாம விட்டுட்டு, தண்ணி குடிச்சிட்டு வாங்க."

(பேச்சு வங்க மொழியில். 'விட்டுட்டு' என்பதைத் தமிழில் சொல்ல வீரராகவன் மறுத்துவிட்டார். சுந்தரவல்லிதான் சொன்னாள்.)

வெளியே காத்திருந்தவர்களில் ஷிபேன்தாவும் ஒருவர். அதே நோய், அதே மெஷின், கையில் அதே அளவு தண்ணீர் பாட்டில்.

"கேஸா? இதுல என்ன வெட்கம் தாதா! எனக்குப் பெண் கொடுக்க வந்த மாமனார், சம்பளத்தையே கேட்கலை. வயிறு எப்படின்னுதான் கேட்டார். சொல்லுங்க, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

வீரராகவன் சுவரைப் பார்த்தார். சுந்தரவல்லி பதில் சொன்னாள். "பருப்பு போடாத ரசம், சாதம். முட்டைக்கோஸ் வீட்டுக்குள்ளயே வரலை. டாக்டர் சொன்னதை ஒண்ணு மீறலை."

"சாயங்காலம், பௌதி?" (தாதா என்றால் அண்ணன், பௌதி அண்ணி.)

"சாயங்காலம் ஒண்ணும் இல்லை."

"மூணு வீடு," என்றார் வீரராகவன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் குரல் உண்டு என்பதே அங்கே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

"மூணு வீட்டுல என்ன?"

"கொண்டைக்கடலை. மொச்சை. பட்டாணி."

ஷிபேன்தா தலையில் கைவைத்தார். "பௌதி! பீரங்கிக்கு மருந்து அடைச்சுல்ல கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

"அது பிரசாதமாச்சே!" என்றாள் சுந்தரவல்லி. "பிரசாதம் சாப்பாட்டுல எப்படிச் சேரும்?"

அறையே சிரித்தது. கதவைப் பிடித்துக்கொண்டு மௌமிதாவும் சிரித்தாள். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "நாளைக்கு சஷ்டி. காலையில ஒரு இடம் தரேன். அதை விட்டா துர்கா பூஜை லீவு முடிஞ்சுதான். அவ்வளவு இடைவெளி கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இன்னிக்கு ஒரு பருப்பு, ஒரு கடலை உள்ளே போகக்கூடாது."

4

அன்று மாலைதான் டாக்குரியாவில் சுந்தரவல்லியின் சிநேகிதி விஜயலக்ஷ்மி வீட்டுக் கொலு.

போகாமல் இருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். போகாவிட்டால் விஜயலக்ஷ்மி டப்பாவில் சுண்டலைப் போட்டுக்கொண்டு லேக் கார்டன்ஸுக்கே வந்துவிடுவாளாம், தீர்ப்பு வாங்க. வயிறு சரியில்லை என்றால் ஓமத்தோடு உட்கார்ந்து, என்று முதல், எத்தனை நாளாக என்று குடைவாளாம்.

ஒரு பிரதியில், அவர் சுண்டலைக் கைக்குட்டையில் மடித்து ஜிப்பாப் பைக்குள்—

இல்லை. அவர் அப்படிச் செய்யக்கூடியவரில்லை. சிரிப்பு வரட்டும் என்று நான் போட்டது.

நடந்தது இது. விஜயலக்ஷ்மி தட்டோடு வந்தாள். "கறுப்புக் கொண்டைக்கடலை மாமா. மாங்காய் போட்டிருக்கேன். சொல்லுங்கோ."

வீரராகவன் தட்டை வாங்கினார். கடுகும் கறிவேப்பிலையும் இன்னும் சூடாக மணந்தன. மனைவியைப் பார்த்தார். அவள் குங்குமச் சிமிழைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்துகொடுத்த சத்தியம் ஒரு பக்கம், நாளைக் காலை ஒரு பக்கம். தின்றுவிட்டு அதிர்ஷ்டத்தை நம்பலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாராம். தட்டைக் கீழே வைத்தார்.

"எனக்கு ப்ராஸ்டேட்ல கேன்சர். நாளைக்குக் கடைசி ரேடியேஷன். இதைத் தின்னா மெஷின் என்னைத் துரத்திடும்."

அந்த வீட்டில் அவர் அவ்வளவு பேசியதே இல்லை. சுந்தரவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். விஜயலக்ஷ்மி சிமிழைத் திறந்தாள். அவள் கை—

(இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். ஏனென்றால் இதற்குப் பிறகு இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.)

சுந்தரவல்லி சொன்னது: உள்ளேயிருந்து விஜயலக்ஷ்மியின் கணவர் வெங்கடசுப்ரமணியன் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"எது? வாயு இருந்தா எழுப்பி விட்டுடுமே, அந்த மெஷினா?"

"அதேதான்."

"போன வருஷம் கொலு வைக்கலையே, பெங்களூர்ல பொண்ணாத்துல இருக்கோம்னு…" என்று விஜயலக்ஷ்மி இழுத்தாள்.

"பெங்களூராவது! இங்கேயே பைபாஸ் ரோட்டுல இருந்தோம். ஆஸ்பத்திரியில தண்ணியாக் குடிச்சிண்டு!" என்றார் வெங்கடசுப்ரமணியன்.

"ஏண்டி, என்கிட்டகூடச் சொல்லப்படாதா?" என்றாள் சுந்தரவல்லி.

"நீ சொன்னியோ?"

வீரராகவன் சொன்னது: "யாரும் ஓடிவரலை. நாற்காலியை இழுத்துப் போட்டார். 'உக்காருங்கோ, நானும் படுத்த மேஜைதான்'னார். அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தோம். நன்னா இருந்தது."

கதாசிரியனாக எனக்கு ஓடிவரும் வெங்கடசுப்ரமணியன் வேண்டும். மனிதனாக, அந்த நாற்காலி. ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: விஜயலக்ஷ்மியின் கை நிற்கவில்லை. அவசரத்தில் அவள் அள்ளி வைத்த குங்குமம் சுந்தரவல்லியின் மூக்கெல்லாம் உதிர்ந்ததாம்.

5

சஷ்டி காலை. வீரராகவன் மேஜைமேல் படுத்திருந்தார். மெஷின் ஒருமுறை சுற்றிவந்து நின்றது. மேலேயிருந்த ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. மௌனத்தை விரும்பும் அவருக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை.

"மேஷோமொஷாய்," என்றது ஸ்பீக்கர். "படம் பளிச்சுனு இருக்கு! ஆடாதீங்க, ஆரம்பிக்கிறேன்."

மெஷின் முனகிக்கொண்டு சுற்றியது. வலி இல்லை, சூடு இல்லை. முடிந்து வெளியே வந்தவரை ஷிபேன்தா எழுந்து நின்று கட்டிக்கொண்டார். இருவர் சிறுநீர்ப்பையும் நிறைந்திருந்ததால் சுருக்கமாகத்தான்.

6

முடிவு ஒன்று வேண்டும் என்கிறீர்கள். வெங்கடசுப்ரமணியன் ஓடிவந்தாரா, நாற்காலியை இழுத்துப் போட்டாரா என்று நான் தீர்மானிக்கப்போவதில்லை. உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்த அளவில் இப்படி.

மௌமிதா சிலிகுரியில் வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஷிபேன்தா சிகிச்சையை முடித்துவிட்டார்; தினமும் காலையில் வயிறு பற்றி வாட்ஸப்பில் ஓர் அறிவுரை அனுப்புகிறார். வீரராகவனும் வெங்கடசுப்ரமணியனும் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரே டாக்ஸியில் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறார்கள். வழியில் பேசிக்கொள்வதில்லை. இருவருக்கும் ரத்தத்தில் புற்றைக் காட்டும் அளவு தாழ்ந்தே இருக்கிறது. சுந்தரவல்லியும் விஜயலக்ஷ்மியும், யார் யாரிடம் முதலில் மறைத்தது என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.