ஆறு நாளுக்கு ஒரே வரிசை

"வர்ற வாரம் பூராவும் நிறைஞ்சிருச்சு மனோங்," என்றேன்.

"ஒரு நாற்காலிகூட இல்லையா மனாங்? ஓரமாக் கெடந்தாலும் போதும்."

"நீங்களே திரையைப் பாருங்க. எல்லாம் சிவப்பு."

பன்ஃபிலோ மேசைமேல் கையூன்றி எட்டிப் பார்த்தார். அதற்கே மூச்சு வாங்கியது. எங்கள் பக்கத்தில் மூத்த ஆணை மனோங் என்போம், மூத்த பெண்ணை மனாங் என்போம். கிமராஸ் தீவில் மாந்தோப்பு வைத்திருப்பவர். அவர் போய்க்கொண்டிருந்த டயாலிசிஸ் மையத்தை மூடிவிட்டதால், மருத்துவரின் கடிதத்தோடு எதிர்க்கரையில் இலோய்லோ நகரிலிருந்த எங்கள் மையத்துக்கு வந்திருந்தார். கடைசியாக ரத்தம் சுத்தம் செய்து நான்கு நாள் ஆகியிருந்தது. வீங்கிய காலில் செருப்பு வார் பள்ளம் விழுந்து பதிந்திருந்தது.

"சிவப்புன்னா ஆள் இருக்குன்னு அர்த்தமா?"

"ஆமா. பச்சைன்னா காலி."

"எங்க தோப்புல நேர்மாறு. பச்சையாத் தெரிஞ்சாத்தான் மரத்துல ஏதோ இருக்கு." சிரித்தார். அது இருமலில் போய் முடிந்தது.

"வாயைக் குறைங்களேன்," என்றாள் அவர் மனைவி ஃபெலிசா. "ஊருக்கெல்லாம் மாம்பழம், கிட்னி போனதால இவரு வாயில வெச்சா விஷம். அந்தக் கோபத்துல பேசிக்கிட்டே இருக்காரு. மனாங், செவ்வாயோ புதனோ கெடைச்சாக்கூட இந்தக் கரையிலேயே மோலோவுல இவரு தங்கச்சி வீட்டுல தங்கிக்குவோம். இல்லேன்னா ரெண்டு மணிப் படகுல திரும்பணும்."

"மூச்சு ரொம்ப முட்டினா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

"அங்க ரெண்டு நாள் நடையில படுத்துப் பாத்தாச்சு," என்றார் அவர். "வீட்டுல படுத்தா நாயாவது பக்கத்துல வரும்."

யாராவது வராவிட்டால் அழைக்கிறேன் என்று சொல்லி எண் வாங்கிக்கொண்டேன். அது பக்கத்து வீட்டுக்காரியின் எண். அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

அந்தச் சனிக்கிழமைதான் நாற்காலி ஒதுக்கும் புது நிரல் கணினியில் ஓட ஆரம்பித்திருந்தது. பத்தொன்பது வருடமாக நான் நீல அட்டை நோட்டில் எழுதியே நாற்காலி ஒதுக்கிவந்தேன். நாளுக்குப் பன்னிரண்டு பேர், வாரத்துக்கு ஆறு நாள். காலையிலேயே செவிலி ரோடோரா ஆரம்பித்துவிட்டாள்.

"மனாங் மெர்லி, இன்னும் அந்த நோட்டைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா இருக்கீங்க? அதோடதான் குடித்தனமா?"

"இல்லடி. இன்னையோட விவாகரத்து."

எல்லோரும் சிரிக்க, நோட்டை அலமாரியில் பூட்டிச் சாவியை அவளிடமே கொடுத்தேன். கிழவிக்குக் கணினி வராது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. திங்கட்கிழமை ஆட்கள் பன்னிரண்டு பேரும் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு பெயராக அடித்து முடித்தபோது வாரம் முழுக்கச் சிவப்பாகியிருந்தது. நிரல் எழுதிய ஜோவலின் வியாழனன்றே நோட்டைப் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தாள். மற்ற நாட்களை அவளே ஏற்றிவிட்டாள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் பன்ஃபிலோ வந்து நின்றார்.

மூன்று மணி இருக்கும். செவ்வாய்க்கிழமை முதல் கட்டத்தைத் தொட்டேன். திங்கட்கிழமை ஆளின் பெயர் வந்தது. தப்பாக ஏறியிருக்கிறது என்று செவ்வாய்க்குரிய பெயரை அடித்தேன். திரும்பித் திங்களைப் பார்த்தால் அங்கேயும் அதே பெயர்.

"ஜோவலின்! இண்டாய், பொண்ணே, இங்க வா."

உள்ளறையிலிருந்து காபிக் கோப்பையோடு வந்தாள். "என்ன மனாங், அதுக்குள்ள உடைச்சிட்டீங்களா?"

"செவ்வாயில எழுதினா திங்கள் மாறுது."

குனிந்து பார்த்தாள். வேறொரு நாளைத் தொட்டாள், இன்னொன்றையும் தொட்டாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் பன்னெண்டு கட்டம் வெச்சு ஒரு வரிசை செஞ்சேன். ஒரு நாளுக்கு. அதை ஆறால பெருக்குன்னு எழுதினேன். ஆறு வரிசை வரும்னு…"

"வரலையா?"

"ஒரே வரிசைதான் இருக்கு. ஆறு நாளும் அதையேதான் காட்டுது. எந்த நாள்ல எழுதினாலும் அந்த ஒண்ணுலதான் விழும்."

"அப்ப நான் திங்களை நிரப்பினது…"

"வாரத்தையே நிரப்பின மாதிரி காட்டியிருக்கு."

"தப்புன்னு அது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அதுக்கு இது தப்பே இல்ல மனாங். நான் சொன்னதைச் செஞ்சுது. சோதிச்சுத்தான் பாத்தேன். ஒரே ஒரு நாளை மட்டும் போட்டுப் பாத்தேன்."

உட்கார்ந்து ஒரே ஒரு வரியை மாற்றினாள். ஒவ்வொரு நாளுக்கும் தனியாக ஒரு வரிசை உண்டாக்கச் சொன்னாள். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் ரோடோராவிடம் சாவியை வாங்கி அலமாரியைத் திறந்தேன். செவ்வாய்ப் பக்கத்தில் ஒன்பதாவது கட்டம் காலி. புதனில் இரண்டு காலி.

பக்கத்து வீட்டுக்காரியின் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு தடவை கூப்பிட்டேன். அன்று மாலையே புயல் எச்சரிக்கை ஏற்றினார்கள். ஞாயிறு காலை கூப்பிட்டபோது மணியே அடிக்கவில்லை, தீவில் மின்சாரம் போய்விட்டதாம். குடையை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன்.

"எங்க கெளம்பிட்டீங்க மனாங்? கடல் நிக்கிற நெலமையப் பாருங்க," என்றான் காவலுக்கு நின்றவன்.

"கால் மணி நேரப் பயணம்தானே. எதிர்க்கரை இங்கிருந்தே தெரியுது."

"தெரியும். போக முடியாது. படகெல்லாம் நிறுத்தியாச்சு."

"ஒரு சேதி மட்டும் சொல்லணும்."

"காத்துகிட்ட சொல்லி அனுப்புங்க. அதுதான் போகுது இப்ப."

வியாழக்கிழமைதான் படகு விட்டார்கள். முதல் படகில் வந்த மீன்காரியிடம் விசாரித்தேன். "மாந்தோப்புப் பன்ஃபிலோவா? நேத்து காலையில போயிட்டாரே," என்று சொல்லிவிட்டுக் கூடையை இறக்கினாள். அப்படியே வேலைக்கு வந்து பன்னிரண்டு பேருக்கும் நாற்காலி காட்டினேன்.

மூன்றாவது வாரம் ஃபெலிசா வந்தாள். இறப்புச் சான்றுக்கு, அவர் எங்களிடம் விட்டுப்போன மருத்துவர் கடிதம் வேண்டுமாம். கறுப்பு உடையில் இன்னும் சிறுத்துத் தெரிந்தாள். ரோடோரா என் காதருகே வந்து, "வாயைத் திறக்காதீங்க மனாங். சொன்னா மட்டும் திரும்பி வரவா போறாரு?" என்றாள். ஜோவலின் உள்ளறைக் கதவருகே நின்றவள் எங்கள் பக்கம் வரவில்லை.

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ஃபெலிசா அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். உடனே போகவில்லை.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி மாம்பழம் கேட்டாரு. இனி என்னன்னு அறுத்துக் குடுத்தேன். ஒரு துண்டுதான் எறங்குச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மேல கோவப்படாதேன்னு சொன்னாரு. இருந்திருந்தா அந்த மனுஷி குடுத்திருக்க மாட்டாளான்னாரு."

ரோடோரா என் முழங்கையைத் தொட்டாள்.

"இருந்துச்சு," என்றேன்.

"என்னது?"

"நாற்காலி இருந்துச்சு ஃபெலிசா. செவ்வாய்ல ஒண்ணு, புதன்ல ரெண்டு. திரை தப்பாக் காட்டுச்சு. நோட்டு என் முதுகுக்குப் பின்னாடி அலமாரியில இருந்துச்சு. நான் திறந்து பாக்கல."

நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தை அவள் முன்னால் விரித்தேன். வரிசையாகப் பெயர்கள். ஒன்பதாவது கட்டத்தின் மேல் அவள் விரலை வைத்தாள்.

"இதுவா?"

"இதுதான்."

வெகு நேரம் விரலை எடுக்கவில்லை.

"மோலோவிலேருந்து இங்க ஜீப்னியில எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

"இருபது நிமிஷம்."

"இருபது நிமிஷம்," என்றாள். பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து போனாள்.