தேசிக்காய்க்கு மேலே

வாங்க நினைத்த இரண்டு காரையும் கலைமாறன் மனைவி இல்லாமல் தனியாகத்தான் ஓட்டிப் பார்த்தான். இரண்டும் சின்னக் கார்கள், இரண்டிலும் பெரிய எஞ்சின். ஒன்று மெத்தையில் போவது மாதிரிப் போனது. மற்றது இறுக்கமானது, தெருவின் ஒவ்வொரு கல்லையும் முதுகுக்குச் சொன்னது. அதையே வாங்கினான்.

"ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய்வர இது உடம்பை முறிக்காதோ?" என்று மனைவி சிவரஞ்சினி கேட்டாள்.

"மற்றது கிழடுகள் ஓடுற கார். இது றோட்டை ஒளிக்காது."

"ஓம், உங்களுக்குப் பிடிச்சால் சரி."

வன்னிச் சண்டையில் வெடித்த செல்லின் துண்டொன்று அவள் இடுப்பில் இன்னும் கிடக்கிறது. எடுத்தால் ஆபத்து என்று டொக்டர்கள் விட்டுவிட்டார்கள். நோகுது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நோவில்லை என்றே கலைமாறனும் நம்பினான். அப்படி நம்புவது அவனுக்கு வசதியாக இருந்தது.

சனிக்கிழமை தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், கோயிலுக்கு முன்னால், புதுக் காருக்குப் பூசை. ஐயர் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். கலைமாறன் காரை மெல்ல எடுத்தான். காய்கள் நசிந்தன, கார் ஒருமுறை குலுங்கியது, அவ்வளவுதான். பக்கத்துச் சீற்றில் இருந்த சிவரஞ்சினி கண்ணை மூடிப் பல்லைக் கடித்தாள். கை இடுப்பைப் பிடித்திருந்தது.

"நோகுதோ ரஞ்சினி?"

"இல்லை. நல்ல கார்," என்றாள், கண்ணைத் திறக்காமலே.

நகருக்கு வெளியே கார்ஜ் என்ற ஊரில் இருக்கும் வீடு வரைக்கும் அவன் முப்பது கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டினார்கள். தெருவில் கிடந்த எதையும் கார் ஒளிக்கவில்லை.