தண்ணீர் குடிக்காத துணி

"அக்கா, கால்கிட்ட இருக்கற இந்த எலாஸ்டிக்க கொஞ்சம் லூசாக்கித் தர முடியுமா? புள்ளைக்குத் தொடையெல்லாம் செவந்து கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே அறிவுமதி ஒரு பையைக் கனகாவின் தையல் மேஜைமேல் கவிழ்த்தாள்.

ஆறு துணி நாப்பிகள் விழுந்தன. ஒன்றில் யானை, ஒன்றில் வாழையிலை, ஒன்றில் குட்டிக் குட்டித் தாமரை. கனகா யானையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இடுப்புப் பட்டை முடிகிற இடத்தில் தையல் மூன்று குத்து பின்னால் போய், மறுபடியும் முன்னால் வந்து நின்றிருந்தது. நீடாமங்கலத்தில் அப்படி முடிக்கிறவள் ஒருத்திதான் உண்டு. அது அவளே தைத்தது.

அறிவுமதி அரசுப் பள்ளியில் வேதியியல் டீச்சர். பிரசவ விடுப்பில் இருந்தாள். குழந்தைக்கு ஐந்து மாதம். கடை டயபர் வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு அவளிடம் காரணம் இருந்தது. அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலின் மதகில், ஊர்ப் பிள்ளைகளின் டயபரெல்லாம் ஊதிப்போய் அடைத்துக்கொண்டு நிற்கும். அதில் தன் மகனுடையதும் ஒன்றாக வேண்டாம் என்று நினைத்து, துவைத்துப் போடுகிற நாப்பியை ஃபோனில் தேடி வாங்கியிருந்தாள்.

கூடவே வந்த அட்டையையும் அவள் பையில் வைத்திருந்தாள். கனகா அதை எடுத்துப் படித்தாள். 'மொட்டுமடி. நூறு சதவீத இயற்கைப் பருத்தி. காவிரிக் கரைத் தாய்மார் தாலாட்டுப் பாடியபடி தம் கைகளால் தைத்தது.'

தாலாட்டு! அவள் தைக்கும்போது ஃபோனில் சீரியல் ஓடும். பவர் மெஷின் போடுகிற சத்தத்தில் அதுவும் பாதிதான் காதில் விழும். கையால் தைத்ததாம். கையால் தைத்தால் ஒரு நாளைக்கு மூன்று தைக்க முடியுமா? மொட்டுமடியை நடத்துகிற ஆர்த்தி சென்னையிலிருந்து வெட்டிய துண்டுகளை மூட்டை மூட்டையாக பார்சல் சர்வீஸில் அனுப்பிவிட்டு, "அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள இருநூறு" என்று விரட்டுவாள். அப்போது மட்டும் தாலாட்டு நினைவுக்கு வராது போலிருக்கிறது.

"எலாஸ்டிக் சரியாத்தான் இருக்கு டீச்சர். வேணும்னா அரை இஞ்சு எறக்கித் தரேன்" என்றாள் கனகா.

"எலாஸ்டிக் மட்டும் இல்லக்கா. உள்ள வைக்கிற துணி ஈரத்தயே இழுக்க மாட்டேங்குது. ஒண்ணுக்குப் போனா அப்படியே ரெண்டு பக்கமும் வழியுது. புள்ள ஈரத்துலயே கெடக்கான்." அறிவுமதி உள்துணியின் ஓரத்திலிருந்து ஒரு இழையைப் பிய்த்தாள். "தீப்பெட்டி இருக்கா?"

சாமி படத்துக்குக் கீழேயிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள் கனகா. அறிவுமதி வாசல் படியில் குந்தி இழையைக் கொளுத்தினாள். அது எரியவில்லை, சுருண்டு, உருகி, கறுப்பாக ஒரு குண்டுமணியாகி நின்றது. பிளாஸ்டிக் வாசனை வந்தது.

"பருத்தியா இருந்தா சாம்பலாயிருக்கும்" என்றாள் அறிவுமதி. "இது முழுக்க பாலியஸ்டர். பஸ்ல விக்கிற போர்வைத் துணி. இதுக்குப் பேரு இயற்கையாம்!"

"அடடா, எனக்குத் தெரியாம போச்சே டீச்சர்" என்றாள் கனகா.

சொல்லி வாய் மூடவில்லை, அறிவுமதியின் கண் மெஷினுக்குப் பின்னால் போனது. அங்கே மூட்டை பிரிந்து கிடந்தது. யானையும் தாமரையும், உள்ளே வைக்கிற வெள்ளைத் துண்டுகளும் நூறு நூறாகக் கட்டி அடுக்கியிருந்தன.

அறிவுமதி படியிலிருந்து எழுந்து வந்து, ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"நீங்கதான் தைக்கிறீங்களா?"

"வெட்டி வர்றதத் தைக்கிறேன் டீச்சர். துணி அவங்களது."

"தெரிஞ்சுதான் தைச்சீங்களா?"

கனகாவுக்கு முதல் நாளே தெரியும். வேகமாக ஓட்டினால் ஊசி சூடேறி நூல் இளகி ஒட்டிக்கொண்டது. பருத்தி அப்படிச் செய்யாது. இருபத்திரண்டு வருடம் மெஷினில் உட்கார்ந்தவளுக்கு விரல் பட்டாலே தெரிந்துவிடும். தெரிந்தும் ஆறு மாதம் தைத்தாள்.

அவள் தீப்பெட்டியை எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே திரும்ப வைத்தாள். அறிவுமதி அவளை ஒரு பார்வை பார்த்தாள். வகுப்பில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வைகூட இல்லை அது. அதில் கொஞ்சம் கோபமாவது இருக்கும். இது, எதிரில் ஆள் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு இல்லை என்று தீர்மானிக்கிற பார்வை. பிறகு நாப்பிகளைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கனகா செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினாள். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நெல் மூட்டை ஏற்றின கூட்ஸ் வண்டி அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. "டீச்சர், நில்லுங்க. யூசுப் பாய் கடைக்கு வாங்க. துணிய நீங்களே பாத்து எடுங்க. நான் தைச்சுத் தரேன். கூலி வேண்டாம்."

"கூலி குடுப்பேன்" என்றாள் அறிவுமதி. ஆனால் வந்தாள்.

முகம்மது யூசுப் மீட்டர் துணி வியாபாரி. வாடிக்கையாளரைவிடத் துணிமேல் மரியாதை அதிகம். விஷயத்தைக் கேட்டதும் அந்த உள்துணியை விரல் நுனியால் தூக்கிப் பார்த்து, செத்த எலியை வைப்பதுபோல மேஜை ஓரத்தில் வைத்தார். "இதயெல்லாம் வித்துத் திங்கிறாங்களா? ஏம்மா, இது கார் தொடைக்கக்கூட ஆவாது. தண்ணியத் தள்ளிவிடும்."

மெல்லிசான மல் துணி, வெளுக்காத முரட்டுக் காடா, பூந்துவாலைத் துணி என்று எடுத்து விரித்தார். அறிவுமதி கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு மூடி ஊற்றினாள்.

"கடைக்குள்ள தண்ணி ஊத்துறீங்களேம்மா!"

"புள்ள இதவிட அதிகமா ஊத்துவான் பாய்."

யூசுப் சிரித்துவிட்டார். சென்னைத் துணியின்மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்று உருண்டது. காடா முதலில் முரண்டு பிடித்து, பிறகு மெதுவாக இழுத்தது. "புதுத் துணில கஞ்சி இருக்கும். நாலு தண்ணி அலசுனாதான் ஈரம் ஏறும்" என்றார் யூசுப். மல் துணி ஊற்றியதும் குடித்தது, ஆனால் மேஜைவரை நனைத்தது. பூந்துவாலை குடித்துவிட்டுத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

அறிவுமதி யோசித்தாள். துவாலைத் துணி கனம். மார்கழிப் பனியில் காயவே காயாது. மல் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் அதில் மட்டும் ஈரம் நிற்காது. கடைசியில், இரண்டு மடிப்பு மல் துணியில் லங்கோடு, அதற்குள் தனியாக எடுத்துக் காயப்போடுகிற மாதிரி ஒரு துவாலைப் பட்டை என்று முடிவானது. எலாஸ்டிக் வேண்டாம், பக்கத்தில் முடிச்சுப் போடுகிற நாடா போதும். படமும் வேண்டாம். "அவனுக்கு யானை தெரியவா போவுது?" என்றாள். அன்றைக்கு அவள் கனகாவிடம் பேசிய ஒரே சிரிப்புப் பேச்சு அதுதான்.

பதினெட்டு லங்கோட்டை மறுநாள் சாயந்தரத்துக்குள் தைத்துக் கொடுத்தாள் கனகா. பத்து நாளில் குழந்தையின் தொடை ஆறிவிட்டதாக யூசுப் சொன்னார். அறிவுமதி நேரில் வந்து சொல்லவில்லை.

மூட்டைகள் வந்துகொண்டுதான் இருந்தன, கனகா தைத்துக்கொண்டுதான் இருந்தாள். தை மாதம் ஆர்த்தி விளம்பரப் படம் எடுக்க வந்தாள். ரயில்வே கேட்டில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டதில், காரைவிட்டு இறங்கும்போதே முகம் சுண்டியிருந்தது. கூட ஒரு கேமராக்காரன். ஆர்த்திக்குக் காதியில் புடவை, காதில் மரத்தோடு, நெற்றியில் நாலணா அளவுக்குப் பொட்டு. கிராமத்துக்கு வருவதற்காகக் கிராமத்து வேஷம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கிராமத்துக்காரியான கனகா பாலியஸ்டர் நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இந்த மெஷின் வேண்டாம். பழைய பெடல் மெஷின் இருக்குல்ல, காலால மிதிக்கிறது? அது வேணும். ஷூட்டிங் வயல்ல."

"வயல்லயா?"

"ஆமாக்கா. நீங்க வயல் நடுவுல ஒக்காந்து தைக்கிறீங்க. சுத்திப் பச்சை. அதான் கான்செப்ட்."

சும்மா கிடந்த ஒரு பெடல் மெஷினைப் பக்கத்துத் தெருவிலிருந்து வாங்கி, தட்டுவண்டியில் ஏற்றி, துரைக்கண்ணுவின் வயலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பச்சை இல்லை. சம்பா பழுத்துப் பாதி வயல் அறுப்பாகி, மீதி மஞ்சளாகச் சாய்ந்து நின்றது.

"ஏன் எல்லோவா இருக்கு?" என்று ஆர்த்தி கேட்டாள். குரலில் குறை சொல்கிற தொனி. தை மாதத்தில் நெல் பழுத்தது யாரோ செய்த கவனக்குறைவு என்பதுபோல.

துரைக்கண்ணு வரப்பில் நின்று மெஷினையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா கனகா, வயல் எங்கயாவது கிழிஞ்சு போச்சா, தைக்க வந்திருக்கீங்க?"

கனகா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அடுத்த வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அத ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணச் சொல்லுங்க" என்றாள் ஆர்த்தி. கேமராக்காரன் போய்ச் சொன்னான். டிரைவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பி அடுத்த வரிசையை அறுக்கப் போய்விட்டான். தூசி மேகமாக வந்து ஆர்த்தியின் காதிப் புடவைமேல் இறங்கியது.

அறுத்த நெல் தாளின்மேல் மெஷினை நிறுத்தி, கனகாவை உட்காரவைத்தார்கள். மெஷின் ஒரு பக்கம் சாய்ந்தது. பெல்ட்டும் இல்லை. சும்மா மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தாள்.

"இப்ப பேசுங்கக்கா. உங்க மனசுலேர்ந்து. நாப்பியப் பத்தி."

கனகா கேமராவைப் பார்த்தாள். அறிவுமதி பார்த்த பார்வை அவளுக்குள் இரண்டு மாதமாக முள்ளாக நின்றது. வரும்போது இதைப் பேசவேண்டும் என்று நினைத்து வரவில்லை. ஆனால் வாய் திறந்ததும் அதுதான் வந்தது.

"இது பருத்தி இல்ல. போர்வைத் துணி. தண்ணி குடிக்காது. எங்க ஊரு டீச்சரு வாங்கிப் போட்டு, அவங்க புள்ளைக்குத் தொடையெல்லாம் புண்ணாயிடுச்சு. எனக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சேதான் தைச்சேன். அது என் தப்பு. யாரும் இத வாங்காதீங்க. துணி வாங்கினா தண்ணி ஊத்திப் பாத்து வாங்குங்க."

சொல்லி முடிக்கையில் அவள் கண்ணில் நீர் கட்டியது. இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று ஆர்த்தியை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆர்த்தி கை தட்டினாள். "சூப்பர்க்கா! எக்ஸ்பிரஷன் செம! அந்தக் கண்ணீர் இருக்கு பாருங்க, அது காசு குடுத்தாலும் வராது." கேமராக்காரன் பக்கம் திரும்பி, "அந்த அறுவடை மெஷின் சத்தத்துல ஆடியோ எப்படியும் வேஸ்ட். சென்னைல டப் பண்ணிக்கலாம்" என்றாள்.

"நான் சொன்னது கேட்டுச்சா உங்களுக்கு?" என்றாள் கனகா.

"கேட்டுச்சுக்கா. நம்ம உக்காந்து பேசுவோம். நீங்க ரொம்ப ஸ்வீட்" என்று சொல்லி, அவள் தோளைத் தட்டிவிட்டு, புடவையை உதறிக்கொண்டே காரை நோக்கி நடந்தாள்.

திட்டியிருந்தால்கூட கனகா தாங்கியிருப்பாள். அந்தத் தட்டலைத்தான் தாங்க முடியவில்லை. மாட்டைத் தட்டுகிறவர்கள்கூட அதன் மூஞ்சியைப் பார்த்துத்தான் தட்டுவார்கள்.

வீடியோ எட்டாம் நாள் வந்தது. புல்லாங்குழல். மஞ்சள் நெல்லைப் பச்சையாக்கியிருந்தார்கள். கனகாவின் உதடு அசைந்தது; உள்ளேயிருந்து யாரோ ஒரு சென்னைப் பெண் குழைந்தாள்: "என் பேரனுக்கு நான் தைக்கிற மாதிரியே ஒவ்வொரு குழந்தைக்கும் தைக்கிறேன்." கனகாவின் மகள் திருவாரூரில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். கடைசியில் கனகாவின் கண் கலங்கியது. அதன்மேல் 'தாய்மை' என்று எழுத்து விழுந்தது.

தெருவே பார்த்தது. இட்லிக் கடை அம்சம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி நடிச்சிருக்க! எனக்கே அழுகை வந்துடுச்சு."

அறிவுமதி அன்று மாலை குழந்தையோடு வந்தாள். "நான் வீடியோவுக்குக் கீழ எழுதினேன்க்கா. நெருப்புல காட்டுன படத்தோட. அரை மணி நேரத்துல அழிச்சுட்டாங்க. என்னயும் உள்ள வரவிடாம தடுத்து வச்சிருக்காங்க."

"நான் அங்க வேற பேசினேன் டீச்சர்."

"துரைக்கண்ணு அண்ணன் சொன்னாரு. வரப்புல நின்னு கேட்டாராம்." அறிவுமதி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கடையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. குழந்தை மேஜைமேல் இருந்த டேப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

அடுத்த மூட்டை வந்தபோது கனகா பிரிக்கவில்லை. அதே பார்சல் ஆபீசிலேயே திருப்பிப் போட்டாள். ஆர்த்தி ஃபோன் செய்தாள். "அக்கா, நம்ம எல்லாம் ஒரே ஃபேமிலி. உங்க முகம்தான் இப்ப நம்ம பிராண்டு."

"மூஞ்சிய நீயே வச்சுக்க தாயி" என்றாள் கனகா. "கை என்னோடது."

ஃபோனை வைத்தபிறகு, நல்ல வார்த்தையாகத்தான் சொன்னோம் என்று தோன்றியது. ஆனால் அதனால் ஆனது ஒன்றுமில்லை. மன்னார்குடியில் வேறு ஒருத்தி தைக்க ஆரம்பித்தாள். மொட்டுமடி ஓஹோவென்று போனது. புதிதாகப் படுக்கை விரிப்பும் போட்டார்கள். அதற்கும் அதே புல்லாங்குழல்.

சித்திரையில் ஒரு நாள், மாசமாக இருந்த பெண் ஒருத்தி கடைக்குள் எட்டிப் பார்த்தாள். கொரடாச்சேரிக்காரி. கேட் திறக்கக் காத்திருந்த பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

"நீங்கதானே அந்த வீடியோல வர்ற அக்கா?"

"ஆமா. அந்த நாப்பிய வாங்காத. அது பருத்தி இல்ல. மல் துணி எடுத்துட்டு வா, நானே தைச்சுத் தரேன்."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அழுக்கு மெஷின், நைட்டி, சுவரில் தொங்கும் பள்ளிக்கூட யூனிஃபார்ம். அவள் முகத்தில் மெல்ல ஒரு புரிதல் வந்தது.

"அவங்க உங்கள வேலைய விட்டு நிறுத்திட்டாங்களாக்கா?" என்று இரக்கமாகக் கேட்டாள். "அந்தக் கோவத்துல சொல்றீங்க. பரவால்ல விடுங்க." ஃபோனை நீட்டினாள். "ஒரு செல்ஃபி மட்டும் எடுத்துக்கட்டுமா?"

கேட் திறந்து, பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஓடிவிட்டாள். கனகா வாசல்வரை வந்து, பஸ் போன திக்கைப் பார்த்து, "போ" என்றாள். பிறகு உள்ளே வந்து, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய கால்சட்டைக்கு ஜிப் வைக்க உட்கார்ந்தாள்.