வெந்நீர் அடுப்பு

தம்பி சுந்தரராமனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு ஆராவமுதன் நிமிர்ந்தபோது, கொல்லைப்புறத்தில் புகை தெரிந்தது.

முதலில் அடுத்த வீட்டுப் புகை என்றுதான் நினைத்தார். இல்லை, அவர் வீட்டுக் குளியலறைக் கூரையிலிருந்துதான் அது கிளம்பிக்கொண்டிருந்தது. கூடத்தில் தம்பி கிடக்கிறான். எடுத்துக்கொண்டு போகும்வரை வீட்டில் எந்த அடுப்பும் எரியக் கூடாது. தளிகையுள்ளில் தணலை அவித்ததைக் காலையில் அவரே நின்று பார்த்திருந்தார்.

வாசலில் மல்லேஸ்வரத்து உறவெல்லாம் கூடியாயிற்று. அத்தை பிள்ளை தேசிகாச்சாரியும் வந்திருந்தார். டாக்டர் பேச்சைக் கேட்டு, க்ஷயரோகம் வந்த தன் பிள்ளைக்கு முட்டை கொடுத்தவர். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்றிலிருந்து ஆராவமுதன் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட்டதில்லை. சாவுக்கு வந்தவரை வராதே என்று சொல்ல முடியாதே என்றுதான் இன்று பேசாமல் இருந்தார்.

யார் கண்ணிலும் படாமல் கொல்லைப்பக்கம் போனார். வெந்நீர் போடும் செம்பு ஹண்டேக்கு அடியில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பின் முன்னால் குந்தி ஊதிக்கொண்டிருந்தவள், தாலி அறுக்க வேண்டிய தம்பி மனைவி கோமளம். விறகு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அவருடைய மனைவி அலர்மேல்மங்கை.

"அலமேலு, என்னடி இது?"

"ஏன்னா, நீங்க வாசல்ல போய் உக்காருங்கோ. நான் பாத்துக்கறேன்."

"பிரேதம் கெடக்கற ஆத்துல அடுப்பா? அணைடி."

கோமளம் எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளாய் மூத்தவர் எதிரில் அவள் வாய் திறந்ததில்லை.

"அணைக்கப்படாது," என்றாள் இன்று. "குளுந்துடும்."

"எது?"

அவள் கண் ஹண்டேயின் பின்பக்கம் போயிற்று. ஹண்டேக்கும் சுவருக்கும் நடுவே கோணி மூடிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. விறகுப்பெட்டி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். கோணியை இழுத்தார். உள்ளே மக்கிய சருகு. கையை விட்டால் வெதுவெதுவென்றிருந்தது. விரலில் தட்டியதை வெளியே எடுத்தார். வெள்ளையாய், நீளவாக்கில், ஓடு தடித்த முட்டை. மேலே பென்சிலால் ஒரு கோடு.

"முதலையோடது," என்றாள் அலர்மேல்மங்கை, தரையைப் பார்த்தபடி. "ஆப்பிரிக்காவுலேர்ந்து மிருகசாலைக்குக் கப்பல்ல வந்துதே, குள்ள முதலை ஜோடி. எத்தனை வயசானாலும் ஆள் ஒசரம்கூட வளராதாம். பொண்ணு சருகைக் குமிச்சு அதுக்குள்ள இட்டுது. இந்த மார்கழிக் குளுருல குமி சில்லிட்டுப் போயிடுத்து. அதான் உங்க தம்பி இங்க கொண்டுவந்து வச்சார்."

"கோடு போட்ட பக்கம் மேலேயே இருக்கணும்," என்றாள் கோமளம். "பெரண்டுதுன்னா உள்ள இருக்கறது போயிடும்."

அவள் சொன்னபடியே அதைப் பதனமாகத் திருப்பி வைத்தார். வைத்த பிறகுதான், தான் செய்தது என்னவென்று அவருக்கு உறைத்தது. வேட்டியில் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

தினமும் விடிகாலையில் திருப்பாவை சொல்லியபடி இங்கேதான் குளித்தார். சர்க்கார் தோட்டத்து மிருகசாலையில் தம்பிக்குக் குமாஸ்தா உத்தியோகம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். "நான் கம்பிக்கு வெளியில இருக்கறவன் அண்ணா. கணக்கெழுதறதோட சரி," என்று பெருமாள் சந்நிதியில் நின்று சொன்னவன் சுந்தரராமன். அந்த வார்த்தையை ஊரெல்லாம் சொல்லித் தலைநிமிர்ந்து நடந்தவர் இவர்.

"அப்போ, அவனைக் கொண்டுபோன ஜுரம்?"

"முதலைத் தொட்டிக்குள்ள எறங்கினார்," என்றாள் கோமளம். "குமி சரிஞ்சு முட்டை தண்ணியில விழப் பாத்துதுன்னு. இடுப்பளவு தண்ணி. உங்ககிட்ட, ஆபீஸ்லேர்ந்து வரச்சே தூத்தல்ல நனைஞ்சேன்னு சொன்னார்."

"நெஞ்சுச் சளி எப்படி வந்துதுன்னு டாக்டர் கேட்டப்போகூட அதையேதான் சொன்னான்." ஆராவமுதன் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"இன்னும் யாருக்கு?"

"ஆத்துல எல்லாருக்கும். உங்களுக்குத்தான்..."

"ஏண்டி சொல்லலே?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பேள்?"

அவர் தொட்டியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டார். அடுப்பை நோக்கிக் குனிந்தார்.

"அம்மாஞ்சி!" கொல்லைக் கதவருகே தேசிகாச்சாரியின் குரல் கேட்டது. "என்ன ஓய், புகையறது? எங்காத்துல ஒரு முட்டை வெந்துதுக்கு வாசப்படி மிதிக்க மாட்டேன்னீர். பொணத்தை வச்சுண்டு உம்மாத்துல என்ன வேகறது? வந்து பாக்கட்டுமா?"

காலடி நெருங்கியது. ஆராவமுதன் செம்போடு வந்து நிலைப்படியை மறித்து நின்றார்.

"வெந்நீர் போடறா. எங்க வம்சத்துல பிரேதத்துக்கு வெந்நீர்தான். எங்கப்பாவுக்கும் அப்படித்தான் பண்ணினோம்."

தேசிகாச்சாரி புருவத்தைச் சுளித்தார். "மாமாவுக்கா? நானுந்தானே கூட இருந்தேன். கெணத்துலேர்ந்து தண்ணி எறைச்சதே நான்தானே?"

"உனக்கு ஞாபகம் இல்லே."

தேசிகாச்சாரி அவர் முகத்தைப் பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார். பிறகு குரல் தாழ்ந்தது.

"இருக்கும். எனக்கு மறந்திருக்கும்."

அவர் போன பிறகும் ஆராவமுதன் திரும்பவில்லை. செம்புத் தண்ணீரைத் துளசிச் செடியடியில் ஊற்றினார்.

"தண்ணி நன்னாக் கொதிக்கட்டும்," என்றார், யாரிடமென்று இல்லாமல்.

"அண்ணா..." என்று ஆரம்பித்தாள் கோமளம்.

"என்னோட பேசாதே."

வெந்நீரை அண்டாவில் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார்கள். ஆவி பறந்தது. புரோகிதர் ஒன்றும் கேட்கவில்லை; அவரவர் குலவழக்கம். ஆராவமுதன் தாமே சொம்பு சொம்பாக ஊற்றினார். ஈரம் துடைத்துப் புது வேஷ்டி சுற்றியதும் திருமண் குழைத்து எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நெற்றி, வயிறு, மார்பு, கழுத்து என்று ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே வந்தார்.

வலது கையைத் தூக்கியபோது முழங்கைக்கு மேலே அரைவட்டமாகப் புள்ளி புள்ளியாய்ப் பல் பதிந்த தழும்பு. பழசு, வெளுத்துப் போயிருந்தது. அதற்குக் கீழேயே இன்னொரு வரிசை. இதற்கு இன்னும் பொருக்கு உதிரவில்லை.

தேசிகாச்சாரி எதிரே நின்றிருந்தார். ஆராவமுதன் கொஞ்சம் நகர்ந்து, தன் முதுகு அவருக்கு மறைப்பாக இருக்கும்படி உட்கார்ந்தார். குச்சியைத் திருமண்ணில் தோய்த்துத் தழும்பின் மேலேயே இழுத்தார். தோல் சூடாக இருந்தது. கோடு நிற்காமல் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் இட்டார். மறுபடியும் வழிந்தது.

"நாழியாறது, ஸ்வாமி," என்றார் புரோகிதர்.

"கொஞ்சம் ஆறட்டும்," என்றார் ஆராவமுதன். தம்பியின் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.