வெளியே வா என்றவன்

...கோட்டு போட்டால்தான் நாடாளுமன்றத்துக்குள் விடுவார்களாம், இத்தனை வருடம் நீல உடுப்பில் இரும்பு உருக்கியவனுக்கு ரோம் விதிக்கும் முதல் நிபந்தனை, மைத்துனனின் கல்யாணக் கோட்டுதான், அக்குளில் பிடிக்கிறது, பிடிக்கட்டும், கையைத் தூக்காதவரை யாருக்குத் தெரியப்போகிறது, இனி எதற்குத் தூக்க வேண்டும், ஆலை உணவுக்கூடத்தில்தான் கை தூக்கி ஓட்டுப் போடுவோம், நாடாளுமன்றத்தில் பொத்தான், விரல் ஒன்று போதும், உழைப்பாளிக்கு எவ்வளவு சௌகரியம்! இன்று என் முதல் பொத்தான், அதுவும் எங்கள் ஊர் இரும்பு உலையைப் பற்றிய மசோதாவுக்கு... கட்சிக் கொறடா நேற்றே தோளில் கைபோட்டுச் சொல்லிவிட்டார், "ஆமான்னு அமுக்கிடுங்க நேவியோ, மூடுறோம்னு ஏன் நினைக்கிறீங்க, உலைக்கு கொஞ்ச நாள் ஓய்வு குடுக்கிறோம், அவ்வளவுதான்." ஓய்வு! உலை ஆறினால் உள்ளே இருப்பதெல்லாம் கட்டியாக உறைந்துவிடும், அப்புறம் அது எழுந்திருக்காது, இதை நான் அவரிடம் சொன்னேனா? வாயெடுத்தேன், அதற்குள் காப்பி வந்துவிட்டது, நல்ல காப்பி.

என்ன சத்தம் அது... டங், டங்டங், டங்... ஹெல்மெட்டைத் தரையில் அடிக்கும் அடி, எங்கள் அடி! சம்பளத்துக்கு ஒரு தாளம், ஆள்குறைப்புக்கு ஒரு தாளம், இது முதலாளி ஜன்னலுக்குக் கீழே அடிக்கிற 'வெளியே வா' தாளம், நான் சங்கச் செயலாளராக இருந்தபோது நானே சொல்லிக்கொடுத்தது, கால் தானாக வேகமெடுக்கிறது, திரும்பினால் நாடாளுமன்ற வாசல் முழுக்க மஞ்சள் ஹெல்மெட், அடடா, என் ஆட்கள், ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள், முன்னால் கிரேன் ஓட்டும் லொரெதானா, சங்கத்தில் என் நாற்காலியில் இப்போது அவள்தான், "ஏய், மாண்புமிகு வர்றாருடா, தள்ளி நில்லுங்க, கோட்டு கசங்கிடும்!" சிரிப்பு. "யாருக்குக் கல்யாணம் தோழர்? சொல்லவேயில்ல!" இது பிண்டோ, வாய் ஓயாத பயல், அவனே தன் ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்க்கிறான், மெகாபோன் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்துவிட்டது, அந்தக் கனம், அந்தத் துருவாசனை, கை எதையும் மறக்கவில்லை... "உள்ள ஒளிஞ்சிருக்கிறவனே! வெளிய வா! எங்க மூஞ்சியப் பார்த்துப் பதில் சொல்லு!" கையை உயர்த்துகிறேன், டர்ர், அக்குள் போயிற்று, போகட்டும், மைத்துனனுக்கு இன்னொரு கல்யாணமா நடக்கப்போகிறது, "வெளிய வா!" கல் தரை அதிர்கிறது, புறாக்கள் கிளம்பிவிட்டன, என்ன சுகம் இது, தேர்தலில் ஜெயித்த அன்றுகூட இப்படி இல்லை, "ஓட்டு வாங்கிட்டு ஒளியாதே! வெளிய வா!"

...ஏன் தாளம் நின்றுவிட்டது? ஹெல்மெட்டுகள் எல்லாம் கையிலேயே இருக்கின்றன. பிண்டோகூடச் சிரிக்கவில்லை. லொரெதானா கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொல்கிறாள், "அதான் வந்துட்டியே நேவியோ. சொல்லு."

உள்ளே மணி அடிக்கிறது, வாக்கெடுப்புக்கு அழைக்கிறார்கள், மெகாபோனை அணைக்க மறந்திருக்கிறேன், என் மூச்சு சதுக்கம் முழுக்கக் கேட்கிறது, நெஞ்சு மட்டும் இன்னும் அதே தாளத்தில்... எத்தனை ஜன்னலுக்குக் கீழே நின்று கத்தியிருக்கிறோம், வந்து நிற்பவன் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தடவையாவது யோசித்தோமா, எப்படி யோசிப்போம், ஒருத்தனும் வந்ததில்லையே...