சுவருக்குள் நுழைந்த கட்டில்

மகள் ஜெயஸ்ரீயின் சீர்க்கட்டிலை நானே செய்வேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டேன். ஹார்பரில் கிரேனுக்குக் கை காட்டியே ரிட்டையரானவன் நான். ஏலத்தில் எடுத்த பர்மா தேக்கு அவ்வளவு இருந்தது. கப்பலே கட்டியிருப்பேன், திருவொற்றியூரில் எங்கள் தெரு அகலம் போதவில்லை.

முதலில் படம் போட வேண்டும். ட்ராயிங் ஆபீசில் இருந்த என் தோஸ்து ஜெகதீசன் ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்தான். கறுப்புத் திரை. அளவைச் சொல்லாமல் ஒரு கோடு நகராது, போலீஸ் விசாரணை தோற்றுவிடும். இன்டர்நெட்டில் சும்மா கிடைத்தது இன்னொன்று. மவுஸால் இழுத்தால் பலகை எழும்பும். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கூடப் பார்க்கலாம். எங்கள் ரெண்டாம் மாடி வீட்டை அதில் வரைந்து, கட்டிலை வெளியிலிருந்து இழுத்தேன். சுவரைத் துளைத்துக்கொண்டு போய் உள்ளே உட்கார்ந்தது.

"ஷோக்காத்தான் கீது மாமு. படிக்கட்டு எங்க?" என்றான் ஜெகதீசன்.

"அதுவா ஏறி வரப்போவுது?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். நான் ஆணி, திருகு எதுவுமின்றி, மரமுளையும் பசையும் வைத்து, இனிக் கழற்றவே முடியாதபடி தெருவிலேயே கட்டிலை முடித்தேன். யானை ஜோடியாகப் படுக்கலாம்.

கல்யாணத்தன்று மத்தியானம் ஆறு பேர் தூக்கினார்கள். முதல் மாடி வளைவில் சிக்கியது. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், சுவர்தான் உதிர்ந்தது. ராத்திரி முதலிரவு. சம்பந்தி அய்யாத்துரை எட்டிப் பார்த்து, "ரெண்டா அறுத்து ஏத்தலாமே" என்றார்.

என் சம்சாரம் பவுனம்மாள் குரலை உயர்த்தவில்லை. "தாலி கட்டின அன்னிக்குக் கட்டில அறுக்கறதா? ரம்பத்தத் தொட்டுப் பாரு." என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். மேலே ஜெயஸ்ரீ மாலையோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெகதீசன் ஒரு தாளோடு வந்தான். படிக்கட்டு, வளைவு, ஜன்னல், எல்லாம் அளவோடு. "ஜன்னல் கம்பிச்சட்டத்தக் கழட்டு. ஒருக்களிச்சு வுட்டா ரெண்டு விரல் மிச்சம் கீது."

"எப்படா வரைஞ்சே?"

"நீ கட்டிலுக்கு அடியில படுத்துகினு இருந்தப்ப."

கட்டிலை வாசலுக்கு இறக்கி, மொட்டைமாடியிலிருந்து கயிறு விட்டார்கள். நான் நடுத்தெருவில் நின்று கை காட்டினேன். மெதுவாக ஏறியது. பாதியில் கடல்காற்று அடித்தது. கட்டில் சுழன்றது, ஒரு கால் கரண்ட் கம்பியை முத்தமிடப் போனது. உள்ளங்கையை விரித்தேன். நிறுத்து. கயிறு முனகியது. டீக்கடையில் கரண்டிச் சத்தம்கூட இல்லை. என் கையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். காற்று ஓய்ந்தது. ஒரு விரலை ஆட்டினேன். ஏறியது, ஜன்னலில் தலைப்பலகை நுழைந்தது. ரெண்டு விரல் இடைவெளி, துல்லியமாக.

மேலே போனேன். அய்யாத்துரை கட்டிலைத் தடவிக்கொண்டு, "எந்த சாஃப்ட்வேர்ல போட்டீங்க?" என்றார்.

தாளைக் காட்டினேன். ஜெகதீசன் பேர் இருந்த மூலையில் என் கட்டைவிரல் இருந்தது.

ஜெகதீசன் என் காதருகே குனிந்தான். "கயித்தத் திருப்பிக் குடுத்துடாத மாமு. பொண்ணு போறப்ப கட்டிலும் போவணும். சம்பந்தி வூடு எத்தினியாவது மாடி?"